மருந்தும் அளவும்: எண்ணச் சுழற்சி நோய்க்கு மாத்திரை உண்போர் அறிய வேண்டியவை



உணவு, அடைக்கலம், கல்வி ஆகிய தானங்களோடு மருந்தையும் ஒரு தானமாக வைத்துப் போற்றியது சமண அறம். ஔஷத தானம் என்னும் சொல் தமிழ்ச் சமண இல்லங்களுக்குப் புதிதன்று. காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலமும், கணிமேதாவியார் இயற்றிய ஏலாதியும் மருந்துகளின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. இத்தகைய மரபில் வந்த குடும்பங்களிலும், மனநோய்க்கு மாத்திரை என்றவுடன் ஒரு தயக்கம் எழுகிறது. அத்தயக்கம் இருவகைத் தவறுகளுக்கு இடமளிக்கிறது. ஒன்று, மருந்தைத் தொடங்கவே மறுப்பது. மற்றொன்று, தொடங்கிய மருந்தை மருத்துவரைக் கேளாமல் தாமே நிறுத்துவது. எண்ணச் சுழற்சி நோயில் இவ்விரண்டும் பெருந்துன்பம் விளைவிப்பவை.

எண்ணச் சுழற்சி நோயை மருத்துவர் சுருக்கமாக ஓ.சி.டி. என்பர். வேண்டாத எண்ணம் ஒன்று அழையாமலே வந்து மனத்தை அலைக்கழிக்கும். அதனால் எழும் அச்சத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். செய்தவுடன் சிறிது ஆறுதல் கிடைக்கும். சற்று நேரத்தில் ஐயம் மீண்டும் தலைதூக்கும். கை கழுவுதல், பூட்டைச் சோதித்தல், எண்ணிக்கை வைத்தல், ஒரே கேள்வியை வீட்டாரிடம் பலமுறை கேட்டு உறுதி பெறுதல் ஆகியன இதன் பொதுவான வடிவங்கள். நோயாளிக்கே இச்செயல் மிகையானது எனப் பெரும்பாலும் தெரியும். தெரிந்தும் நிறுத்த இயலாமையே நோயின் கொடுமை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் இதில் கழியுமாயின், அல்லது வேலையும் படிப்பும் உறவும் குலையுமாயின், அது மருத்துவம் வேண்டிய நிலையாகும்.

பேணுதல் எங்கே முடிகிறது, பிணி எங்கே தொடங்குகிறது என்பதை அறிவது எளிதன்று. விருதுநகர் மாவட்டத்து ஆனைக்குட்டம் பகுதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை அமைந்த இவ்வூர், சிவகாசிப் பட்டாசுத் தொழில் பரவிய வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கே எச்சரிக்கை என்பது உயிர் காக்கும் கடமை. கந்தகமும் அலுமினியப் பொடியும் கையாளும் ஒருவர் கையை நன்கு கழுவத்தான் வேண்டும். அறையைப் பூட்டினோமா எனப் பார்க்கத்தான் வேண்டும். அத்தகைய தொழிலாளி ஒருவரை எண்ணிக் கொள்ளலாம். விதிப்படி ஒருமுறை பார்த்துவிட்டு வீடு திரும்பினால் அது பேணுதல். வீட்டு வாயிலை அடைந்த பின்னும், “ஒரு பொறி விழுந்திருக்குமோ?” என்று அஞ்சி நள்ளிரவில் மீண்டும் ஆலைக்கு நடந்தால், தோல் வெடிக்கும் வரை கை கழுவினால், அது பிணி. சுற்றியிருப்போரோ அவரை மிகப் பொறுப்பானவர் என்று பாராட்டிக் கொண்டிருப்பர். பாராட்டின் நிழலில் நோய் ஆண்டுக்கணக்கில் மறைந்து வளரும்.

சமண இல்லங்களிலும் இவ்வாறே நேரக்கூடும். நீரை வடிகட்டிப் பருகுவது அறம். வடிகட்டிய நீரில் உயிர் இருக்குமோ என்று இருபது முறை வடிகட்டி, முடிவில் நீரே பருகாமல் கிடப்பது அறமன்று. நடக்கும்போது நிலம் நோக்கி நடப்பது நெறி. எறும்பை மிதித்திருப்போமோ என்று வந்த வழியே பலமுறை திரும்பிச் சென்று தேடுவது நோயின் குறி. விரதம் மனத்தை அமைதிக்கு இட்டுச் செல்லும்; நோய் அச்சத்திற்கு இட்டுச் செல்லும். மருத்துவம் பெறுவதால் அஹிம்சை குறைந்துவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. மருந்து தளர்த்துவது நோயின் பிடியையே. நோன்பின் உறுதியை அன்று.

இந்நோய்க்கு முதலில் தரப்படும் மருந்துகள் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்னும் வகையைச் சேர்ந்தவை. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்னும் பொருள் விரைவில் உள்ளிழுக்கப்படாமல் காப்பது இவற்றின் வேலை. ஃபுளூவாக்சமின், ஃபுளூவாக்செட்டின், செர்ட்ராலின், பராக்செட்டின், எஸ்சிட்டலோபிராம் முதலியன இவ்வகையின. இவற்றுக்கு முன்பே பயனுக்கு வந்த குளோமிப்ரமின், வேறு வகையைச் சேர்ந்ததாயினும், இன்றும் சிலருக்குத் தரப்படுகிறது. மருந்தோடு, அச்சத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, திரும்பச் செய்யும் செயலைத் தவிர்க்கப் பழக்கும் உளவியல் பயிற்சியும் உண்டு. இரண்டும் சேரும்போது பலருக்கு நற்பயன் கிட்டுகிறது.

சிவகாசி வட்டாரத்தில் “மருந்து” என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. நோய் தீர்ப்பதும் மருந்து. பட்டாசுக் குழலுள் செலுத்துவதும் மருந்து. அளவு மீறாமை, வரிசை பிறழாமை, அவசரம் கொள்ளாமை, மிச்சத்தை வைத்துக் கொள்ளாமை ஆகிய நான்கையும் அத்தொழில் தன் மருந்துக்கு விதியாக வைத்துள்ளது. மாத்திரைக்கும் இந்நான்கும் பொருந்தும்.

முதலாவது, அளவு. மனச்சோர்வுக்குப் போதுமான அளவு எண்ணச் சுழற்சி நோய்க்குப் பெரும்பாலும் போதுவதில்லை. செர்ட்ராலின் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வரையும், ஃபுளூவாக்செட்டின் 60 மில்லிகிராமும் சில வேளைகளில் 80 மில்லிகிராம் வரையும் உயர்த்தப்படுவதுண்டு. எனவே சீட்டில் அளவு உயர்ந்திருப்பதைக் கண்டு அஞ்சுவதும், பாதியாக உடைத்து உண்பதும் தகா. அவ்வளவை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவரே.

இரண்டாவது, வரிசை. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே முறை. தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியன சில உள. நோயாளிக்கோ குடும்பத்தாருக்கோ அளவு கடந்த உற்சாகமும் பின்னர்ச் சோர்வுமாக மாறிவரும் நோய் இருந்ததுண்டா? இதய நோய், வலிப்பு, குடற்புண், இரத்தப் போக்கு உண்டா? வேறு எம்மருந்துகள் உண்ணப்படுகின்றன? ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் இம்மருந்தோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடலாம். டிரமடால் என்னும் வலிமருந்து, லினெசோலிட் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, ஒற்றைத் தலைவலி மருந்துகள் சில, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து ஆகியவை செரோடோனினை மிகையாக்கலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுதல் நன்று.

மூன்றாவது, அவசரமின்மை. முதல் இரு வாரங்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, உறக்கமின்மை, படபடப்பு தோன்றலாம். பெரும்பாலானோர்க்கு அவை தாமே தணியும். பயனோ மெல்லத் தெரியும். போதிய அளவில் 8 முதல் 12 வாரங்கள் உண்ட பின்னரே மருந்து உதவுகிறதா என்று முடிவு செய்ய வேண்டும். குணம் தெரிந்த பின்னும் ஓராண்டோ ஈராண்டோ தொடருமாறு மருத்துவர் கூறுவர். நிறுத்தும்போதும் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்னதிர்ச்சி போன்ற உணர்வு, எரிச்சல், உறக்கக் கேடு தோன்றலாம், நோயும் மீளலாம். இதனை மருந்துக்கு அடிமையாதல் என்று பிறழ உணர்தல் கூடாது. தாம்பத்திய உறவில் நாட்டம் குறைதல் போன்ற பக்கவிளைவுகளை வெட்கத்தால் மறைத்து, மருந்தைத் தாமே விட்டுவிடுவோர் உளர். சொன்னால் மாற்றுவழி உண்டு.

நான்காவது, மிச்சம். பட்டாசு ஆலையில் மிஞ்சிய மருந்தை இரவு முழுதும் வைத்திருந்தால் தீங்கு நேரும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையும் அத்தகையதே. அதே நோய்தானே என்று உறவினர்க்குக் கொடுப்பதும், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்குவதும் ஆபத்தானவை. மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வீட்டாருள் ஒருவர் பொறுப்பில் வைத்தல் வேண்டும்.

சில அறிகுறிகள் காத்திருக்க இடந்தராதவை. கடும் காய்ச்சல், மிகு வியர்வை, உடல் நடுக்கம், தசை விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவை ஒன்றுகூடினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 25 வயதிற்கு உட்பட்டோர்க்கு மருந்தின் தொடக்கத்திலும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் எழக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்துள்ளது. சிறார்க்கான எச்சரிக்கை 2004இலும், இளைஞர்க்கான விரிவு 2007இலும் வந்தன. இது மருந்தே கூடாது என்பதன்று. அந்நாட்களில் பிள்ளையை அருகிருந்து கவனிக்க வேண்டும் என்பதே பொருள். சாவைப் பற்றிப் பேச்செழுந்தால் அன்றே மருத்துவரை நாட வேண்டும். முதியோர்க்கு உடலின் உப்புச்சத்து குறையக்கூடும். தள்ளாட்டமும் குழப்பமும் அதன் குறிகள். கருவுற்றவர், கருவுற எண்ணுபவர் மருந்தைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரோடு கலந்து முடிவெடுத்தல் வேண்டும். மயக்கமோ கைநடுக்கமோ இருக்கும் நாட்களில் வண்டி ஓட்டுவதும், வெடிமருந்து கலப்பதும் கூடா. செய்யும் தொழில் இன்னதென்று மருத்துவரிடம் முன்னரே சொல்வது இதனால் இன்றியமையாததாகிறது.

சமணக் குடும்பங்கள் தனியே எண்ண வேண்டியன மூன்று. முதலாவது, உறை. ஃபுளூவாக்செட்டின் பெரும்பாலும் குப்பி வடிவக் கேப்சூலாக வருகிறது. அவ்வுறை பொதுவாக விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. அதனை ஏற்க மனமில்லாதோர் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறினால், மாத்திரை வடிவிலுள்ள வேறு மருந்தைப் பெறலாம். உறையைத் தாமே பிரித்துக் கொட்டி உண்பதோ, சொல்லாமல் மருந்தைக் கைவிடுவதோ தகாது. இரண்டாவது, இரவுண்ணாமை. இம்மருந்துகளுள் பல நாளுக்கு ஒரு வேளையே உண்ணத்தக்கவை. காலை வேளைக்கு மாற்ற இயலுமா என்று கேட்டறியலாம். மூன்றாவது, உபவாசம். தசலட்சண பருவத்தில் நீரும் இன்றி நோற்க விழைவோர், நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். ஃபுளூவாக்செட்டின் உடலில் வாரக்கணக்கில் தங்கும். பராக்செட்டின் போன்றவை விரைவில் வெளியேறுவதால் சில நாள் இடைவெளியும் துன்பம் தரும். நோயின் கடுமையில் இருப்பவர் எளிய நோன்பை மேற்கொள்வது குறையாகாது.

திருமணப் பேச்சு தடைப்படும் என்னும் அச்சத்தால் நோயை மறைக்கும் இல்லங்கள் பல. மனநல மருத்துவம் பெறுவோரின் செய்திகளை மறைவாகக் காக்க வேண்டும் என்பதும், உடல் நோய்க்கு நிகரான காப்பீட்டு உரிமை உண்டு என்பதும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும், சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் மனநல மருத்துவம் கிடைக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவே நடத்துகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து காப்பவர் என்னும் நான்கும் சேர்ந்தது என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுக்கிறது. முதல் மூன்றும் இருந்தும் நான்காவது இல்லாமையால் முறிந்த சிகிச்சைகள் மிகுதி. “பூட்டிவிட்டாயா?” என்று நூறாவது முறை கேட்கப்படும்போது சினவாமலும், அதே உறுதியை நூறாவது முறை வழங்கி நோயை வளர்க்காமலும், மருத்துவர் காட்டிய வழியில் அன்போடு துணைநிற்பவரே அந்நான்காமவர். மாத்திரையை நேரத்திற்கு எடுத்துக் கொடுப்பதும், மறுமுறை மருத்துவரைக் காணும் நாளில் உடன் செல்வதும் அவர் பணி. அதுவும் ஔஷத தானமே.

எவ்வுயிர்க்கும் தீங்கு வாராமல் காக்கும் இல்லங்களில், துன்புறும் தம்மவர் உயிரும் அக்காப்பினுள் அடங்குக. அறம் வளர்க, அஹிம்சை வெல்க.