83 பேருக்குக் கணக்கு எங்கே?

(வேலூரில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலூர் மண்ணில் நின்று பட்டாளத்தைப் பற்றிப் பேசுகிறவன் அளந்துதான் பேச வேண்டும். பக்கத்திலேயே கம்மவான்பேட்டை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பி, ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர். உங்களுக்கு நாட்டுப்பற்றைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு யோக்கியதை இல்லை. நான் வந்தது அரசாங்கத்தைக் கணக்குக் கேட்க. என்னோடு சேர்ந்து நீங்களும் கேட்க வேண்டும் என்று உங்களிடம் கேட்க.

2019 ஜூலையில் நம் வெளியுறவுத் துறை நாடாளுமன்றத்தில் ஒரு பதில் சொன்னது. இந்தியப் படைகளைச் சேர்ந்த 83 பேர் காணவில்லை. அவர்கள் பாகிஸ்தானின் பிடியில் இருப்பதாக நம்பப்படுகிறது. அவர்களில் 54 பேர் போர்க்கைதிகள். தங்களிடம் அப்படி யாரும் இல்லை என்கிறது பாகிஸ்தான். இவ்வளவுதான் பதில். இதைச் சொன்னது எதிர்க்கட்சி அல்ல, பத்திரிகை அல்ல. இந்திய அரசே தன் வாயால் சொன்னது.

அந்த 54 பேரில் பெரும்பாலோர் 1971 டிசம்பர் போரில் போனவர்கள். அந்தப் போரை நாம் ஆண்டுதோறும் டிசம்பர் 16 அன்று வெற்றி நாளாகக் கொண்டாடுகிறோம். டாக்காவில் பாகிஸ்தான் தளபதி ஜெனரல் நியாஸி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். சுமார் 93,000 பேர் நம்மிடம் கைதியானார்கள். அவ்வளவு பேருக்கும் முகாம் போட்டோம், சோறு போட்டோம், கடிதம் எழுத விட்டோம், பிறகு திருப்பி அனுப்பினோம். 1974 ஏப்ரல் முடிவதற்குள் கடைசிக் கைதியும் ஊர் போய்ச் சேர்ந்தார். அது தர்மம். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் 93,000 பேரைத் தலை எண்ணி ஒப்படைத்த அரசு, தன் பிள்ளைகளை எண்ணி வாங்கியதா? 1972 ஜூலையில் சிம்லாவில் பாகிஸ்தானோடு பேசினார்கள். 1973 ஆகஸ்டில் டெல்லியில் பேசினார்கள். கையில் 93,000 பேரை வைத்துக்கொண்டு பேசிய அந்த நாட்களில், எங்கள் பட்டியலில் இன்னும் இத்தனை பேர் பாக்கி இருக்கிறார்கள் என்று மேசையைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டார்களா? எந்த வார்த்தையில் கேட்டார்கள்? என்ன பதில் வந்தது? அந்தக் கோப்புகளைப் பார்க்க அந்தக் குடும்பங்களுக்கு உரிமை உண்டு.

அவர்கள் அன்றே செத்திருப்பார்கள், வீணாக ஏன் கிளறுகிறீர்கள் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்களுக்காக மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

மேஜர் அசோக் சூரி. போரில் வீரமரணம் என்று அரசு எழுதி முடித்துவிட்டது. 1974 டிசம்பர் தேதியிட்ட ஒரு துண்டுக் கடிதம் தகப்பனார் கைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு கராச்சியிலிருந்து இன்னொரு கடிதம். தன்னோடு 20 அதிகாரிகள் இருப்பதாகத் தகவல். கையெழுத்தைச் சோதித்தார்கள். சோதித்த பிறகு, இறந்தவர் என்ற பதிவை அடித்துக் காணாமற்போனவர் என்று மாற்றினார்கள். யார் மாற்றியது? இதே அரசுதான்.

ஃப்ளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே. போர் விமானி. 1971 டிசம்பர் 5 அன்று டாக்காவிலிருந்து வெளியான பாகிஸ்தான் அப்சர்வர் பத்திரிகை, இந்திய விமானிகள் உயிரோடு பிடிபட்டதாகச் செய்தி போட்டது. அந்தச் செய்தியில் எழுத்து சற்று மாறி இவருடைய பெயரும் இருந்தது. மனைவி தமயந்தி தாம்பே பாட்மின்டனில் தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கியவர். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட நிறையவில்லை. அன்று தொடங்கி அந்த அம்மா ஒவ்வொரு அரசிடமும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது, 1971 டிசம்பர் 27 தேதியிட்ட டைம் இதழில் வந்த ஒரு படம். சிறைக் கம்பிக்குப் பின்னால் ஓர் இந்தியக் கைதி. அது மேஜர் ஏ.கே. கோஷ் என்று குடும்பத்தார் அடையாளம் கண்டார்கள். உலகமெல்லாம் பார்த்த படம் அது. ஆள் மட்டும் வீடு திரும்பவில்லை.

இவை போதாது என்றால், விக்டோரியா ஸ்கோஃபீல்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் பாகிஸ்தானின் முன்னாள் பிரதமர் பூட்டோவின் வழக்கைப் பற்றி எழுதிய புத்தகம் இருக்கிறது. லாகூர் கோட் லக்பத் சிறையில் பூட்டோவின் அறைக்குப் பக்கத்தில் புத்தி பேதலித்த இந்தியப் போர்க்கைதிகள் இருந்ததை அவர் எழுதியிருக்கிறார்.

1979-ல் மக்களவையில் ஒரு உறுப்பினர் எழுத்து மூலம் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதிலாக அரசு 40 பெயர்கள் கொண்ட பட்டியலை வைத்தது. 40 பின்னால் 54 ஆனது. இன்று 83. பட்டியல் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே என்ன செய்தோம் என்ற குறிப்பு மட்டும் இன்றுவரை மக்கள் முன் வரவில்லை.

பட்டாளத்தில் இருந்த அண்ணன்மார்களைக் கேட்கிறேன். யூனிட்டில் ஒரு ரைஃபிள் காணாமல் போனால் என்ன ஆகும்? அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது. ஆயுதக் கிடங்கில் இருப்பதை எல்லாம் மறுபடி எண்ணுவார்கள். கோர்ட் ஆஃப் என்கொயரி உட்காரும். கடைசியாக யார் கையில் இருந்தது, எத்தனை மணிக்கு, யார் சாட்சி என்று ஒவ்வொன்றும் காகிதத்தில் ஏறும். இரும்புக்கு இந்தக் கணக்கு. அந்த இரும்பைத் தூக்கி நின்ற மனிதனுக்கு?

காணாமல் போன சிப்பாயின் வீட்டைப் பாருங்கள். பென்ஷன் வேண்டுமென்றால் அந்தப் பெண் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புருஷனைக் காணோம் என்று புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். அதற்கும் மேலே ஓர் உறுதிப் பத்திரம்: நாளைக்கு அவர் திரும்பி வந்துவிட்டால் வாங்கிய பணத்தை ஈடு கட்டுகிறேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணிப் பாருங்கள் தாய்மார்களே. அவர் வர வேண்டும் என்று கும்பிடாத சாமி இல்லை. வந்தால் கடனைக் கட்டுகிறேன் என்று பத்திரம். ஏழு வருடம் தகவல் இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. வழி தவறிப் போன ஆளுக்கும், எல்லையைக் காக்க அரசே அனுப்பிவைத்த ஆளுக்கும் ஒரே சட்டம். பொட்டு வைக்கவும் முடியாமல் அழிக்கவும் முடியாமல் ஐம்பது வருடம் உட்கார்ந்திருந்த பெண்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1949-ல் ஜெனீவாவில் எழுதிய மூன்றாவது உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்தது, பாகிஸ்தானும் சேர்ந்தது. பிடிபட்டவுடன், மிஞ்சினால் முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள், கைதி தன் குடும்பத்துக்கும் ஜெனீவாவில் உள்ள மைய அலுவலகத்துக்கும் அட்டை எழுத விட வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் வந்து பார்க்க வேண்டும். சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும். இந்த விதிகளை மீறிய பாகிஸ்தானைக் கண்டிக்கிறேன். கண்டித்துவிட்டு நம் அரசின் பக்கம் திரும்புகிறேன். ஏனென்றால் ஓட்டுப் போட்டு நாம் உட்கார வைத்தது இஸ்லாமாபாத்தை அல்ல, டெல்லியை.

டெல்லி செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். 1983-ல் ஆறு குடும்பத்தினரை முல்தான் சிறைக்கு அழைத்துப் போனார்கள். 2007-ல் 14 உறவினர்கள் பாகிஸ்தான் சிறைகளைச் சுற்றி வந்தார்கள். ஒருவரும் கிடைக்கவில்லை. 2008 ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 இரண்டு நாளும் இரு நாடுகளும் கைதிகள் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. அந்த நாளில் வெளியுறவுத் துறை விடும் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மீனவர்களையும் மற்ற கைதிகளையும் விடுவிக்கச் சொல்லும் அதே வாக்கியத்தில், காணாமற்போன பாதுகாப்புப் படையினரையும் விடுவிக்க வேண்டும் என்று இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, அரை வாக்கியம். இதற்குப் பெயர் முயற்சியா?

சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி 2011-ல் குஜராத் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் அதற்குத் தடை. பாகிஸ்தானோடு உள்ள விவகாரத்தை இருவருக்குள் பேசித்தான் தீர்ப்போம் என்பது அரசின் வாதம். ஆனால் 2017-ல் பாகிஸ்தானில் குல்பூஷண் ஜாதவ் என்ற இந்தியருக்குத் தூக்கு என்றதும் இதே இந்தியா அதே சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2019-ல் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. அந்த வழக்குக்கு வியன்னா உடன்படிக்கையில் வழி இருந்தது, ஜெனீவா உடன்படிக்கையில் அந்த வழி இல்லை என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த வழி இல்லையென்றால் வேறு எந்த வழியைத் தேடினீர்கள்? செஞ்சிலுவைச் சங்கத்திடம் என்ன எழுதினீர்கள்? எழுதியதைக் காட்டுங்கள்.

நம் தமிழ்ப் பிள்ளை, விமானி அபிநந்தன் வர்தமான் 2019 பிப்ரவரி 27-ல் பாகிஸ்தானிடம் பிடிபட்டார். மார்ச் 1 இரவு வாகா எல்லையில் நடந்து வந்தார். நாடே பார்த்தது. பிடிபட்ட சில மணி நேரத்தில் அவர் முகம் எல்லார் கைபேசியிலும் இருந்தது, மறைக்க முடியவில்லை. 2025 ஏப்ரலில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் தவறுதலாக எல்லை தாண்டிப் பிடிபட்டார். கர்ப்பிணியான அவர் மனைவி வங்காளத்திலிருந்து பஞ்சாப் வரை போய் அதிகாரிகளைக் கேட்டார். மே 14-ல் வீரர் திரும்பினார். உலகம் பார்த்தால் ஆள் வருகிறான். ஊர் கேட்டால் ஆள் வருகிறான். 1971-ல் பிடிபட்டவர்களுக்குக் கேமரா இல்லை. கேட்பதற்கு நாமாவது இருக்க வேண்டாமா?

இத்தனை வருடம் கழித்து என்ன கிடைக்கும் என்கிறவர்களே, 1968-ல் இமயமலையில் 102 பேரோடு விழுந்த விமானப்படை விமானத்திலிருந்து 2024 செப்டம்பரில் நான்கு உடல்களை மீட்டார்கள். 56 வருடம் கழித்துப் பனியைத் தோண்டி எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். 2016 ஜூலை 22-ல் நம் தாம்பரத்திலிருந்து 29 பேரோடு கிளம்பிய ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலில் மறைந்தது. சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது; 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது. அந்த 29 குடும்பங்களுக்கும் ஏழரை ஆண்டுக்குப் பிறகு ஒரு பதில் கிடைத்தது. நம்மால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அமெரிக்காவில் 80,000-க்கும் மேற்பட்ட காணாமற்போன வீரர்களுக்குக் கணக்குச் சொல்லவே தனி அமைப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த தங்கள் விமானிகளின் எலும்பைத் தேடி நம் அருணாசலப் பிரதேச மலைக்கே வருகிறார்கள். அனுமதி கொடுப்பது நம் அரசு. பக்கத்து நாட்டில் தொலைத்த நம் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் அமைப்பு ஏன் இல்லை?

கட்சி பார்த்து நான் பேசவில்லை. 1971 முதல் டெல்லியில் எல்லா நிறத்துக் கொடியும் பறந்திருக்கிறது. எல்லோரும் வீரர்களுக்கு மாலை போட்டார்கள். யாரும் இந்தக் கணக்கை முடிக்கவில்லை.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று: 83 பேர் ஒவ்வொருவருக்கும் கடைசியாகக் கிடைத்த தகவல் என்ன, அரசு எடுத்த நடவடிக்கை என்ன என்று நாடாளுமன்றத்தில் வெள்ளை அறிக்கை வை. இரண்டு: சிம்லா முதல் இன்றுவரை இது சம்பந்தப்பட்ட கோப்புகளைக் குடும்பங்களுக்குத் திற. மூன்று: காணாமற்போன, பிடிபட்ட படையினருக்கென்று சட்டப்படி நிரந்தர அலுவலகம் அமை, ஆண்டுதோறும் அது அறிக்கை தரட்டும், மனைவியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய விடாதே. நான்கு: கைதிகளைப் பார்க்க 2007-ல் இரு நாட்டு நீதிபதிகளைக் கொண்டு அமைத்த குழுவை மறுபடி கூட்டு, பாகிஸ்தானின் ராணுவச் சிறைகளையும் பார்க்க வற்புறுத்து.

அவர்கள் உயிரோடு இருந்தால் இன்று எண்பதை நெருங்கும் கிழவர்கள். உயிரோடு இல்லையென்றால், எங்கே, எப்போது, எப்படி என்று தெரிந்துகொள்ள அவர்களைப் பெற்ற வீட்டுக்கு உரிமை உண்டு. இரண்டில் எதுவானாலும் அரசு வாய் மூடி இருக்க உரிமை இல்லை.

1979-ல் 40 பெயர்களை வெளியே கொண்டுவந்தது ஓர் உறுப்பினரின் ஒரே ஒரு கேள்வி. வேலூர், அரக்கோணம், ஆரணி, திருவண்ணாமலை என்று நம்மைச் சுற்றி நான்கு மக்களவைத் தொகுதிகள். நான்கு உறுப்பினர்களுக்கும் இன்றே எழுதுங்கள். இந்த நான்கு கோரிக்கைகளையும் வரும் கூட்டத்தொடரிலேயே எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்ததா என்று அடுத்த மாதம் மறுபடி எழுதுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது, மாலையோடு வரும்போது, முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். மக்கள் கேட்காத கணக்கை எந்த அரசும் தானாக ஒப்பித்ததில்லை. கேட்போம். 83 பேருக்கும் தனித்தனியே பதில் வரும்வரை கேட்போம்.