மலைபடுகடாம் என்னும் வழித்திட்டம்



நன்னன் ஆண்ட செங்கண்மா, இன்றைய செங்கம். அப்பகுதி மலைக்காட்டில், பாதையற்ற புதர்வழியே, ஒரு பகல் முழுதும் நடந்துவர நம் உறுப்பினர் சிலர் திட்டமிட்டு வருகின்றனர். ஆர்வம் பாராட்டத்தக்கது. எனினும் புறப்படுமுன் மலைபடுகடாத்தை வழித்திட்டமாகவே ஒருமுறை படித்துவிட வேண்டுகிறேன். அதன் 583 அடிகளையும் மலைவருணனை என்று சொல்லிக் கடந்துவிடுவது எங்கள் வகுப்பறை வழக்கம். பெருங்கௌசிகனாருக்கோ, இசைக்கருவிகளைச் சுமந்து விறலியரோடு செல்லும் கூத்தர் உயிரோடு போய்ச்சேர வேண்டுமே என்னும் கவலை.

பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் உள்ளன. ஆதலின் பொழுது புலர்ந்தபின் செல்க என்கிறார். பள்ளங்களில் பாம்பு ஒடுங்கியிருக்கும், பார்த்து விலகுக. பாசியில் கால் வழுக்குமிடத்தில் சிறுமூங்கிலையும் கொறுக்கச்சித் தண்டையும் பற்றிக்கொள்க. இடரைச் சொன்ன கையோடு செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறார். எல்லாவற்றினும் என்னை வியக்கவைப்பது, குறவர்க்கே திசை மயங்கும் குன்றில் அவர் கூறும் அறிவுரை. மேலும் நடவாதீர், அகன்ற பாறையில் கூடி உங்கள் கருவிகளை இயக்குங்கள், காடு காப்போர் கேட்டு வருவர். வழி தவறியவன் நின்ற இடத்திலேயே நின்று ஒலியெழுப்ப வேண்டும் என்றுதான் இன்றைய மலையேற்றப் பயிற்சியிலும் கற்பிக்கின்றனர். முழவுக்கு மாற்றாக ஆளுக்கொரு விசில் எடுத்துச் செல்லுங்கள்.

புலவர் அறியாத இடர் ஒன்றும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணிச்செடி நம் காடுகளில் பழைய ஒற்றையடிப் பாதைகள் பலவற்றை மூடிவிட்டது. அப்புதரில் கிலோமீட்டர்க் கணக்கு உதவாது, மணிக்கணக்கே உதவும். எந்த மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். வனத்துறை அனுமதியும், அவ்வூர்க்காரர் ஒருவரின் துணையும், போக வர முழுமைக்குமான குடிநீரும் இன்றிப் புறப்படல் ஆகாது.

பயணத்தைப் பங்குனிக்குத் தள்ளலாம் என ஒரு கருத்து எழுந்ததாம். நான் உடன்பட மாட்டேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தை பிறந்தவுடன் செல்லுங்கள். இயலாதெனில் அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

இன்னொன்று. கவர்வழிகளில் புதிதாய் வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கச் சொல்கிறார் புலவர். நம்மவர் பிளாஸ்டிக் நாடா வாங்கியிருப்பதாக அறிகிறேன். அது வேண்டாம். புல்முடிச்சே போதும், அடுத்த மழையில் தானே மக்கிவிடும்.