பணம் எந்தக் கணக்கில் விழுகிறது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. எங்க குழுவில் இணையக் கடை வேலையைப் பார்ப்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

மஞ்சள்தூள், செக்கு எண்ணெய், சத்துமாவு எல்லாம் நம்ம குழுக்கள் செய்யுது. சென்னையில் இருக்கிற ஒருத்தர் போனிலேயே பார்த்து வாங்கினால் பணம் எப்படி வரும்? அதுக்குத்தான் பேமென்ட் கேட்வே. ஈரோட்டு மஞ்சள் மண்டியை நினைச்சுக்கோங்க. வாங்குறவர் பணத்தை மண்டிக்காரர் வாங்கி, கமிஷனைக் கழிச்சுட்டு நமக்குத் தருவார். கேட்வேயும் அப்படித்தான். யுபிஐ, கார்டு எதில் கட்டினாலும் வாங்கி, சாதாரணமாக இரண்டு வேலை நாளில் நம்ம வங்கிக் கணக்கில் போடும். பல நிறுவனங்களில் கட்டணம் நூற்றுக்கு 2 ரூபாய், அந்தக் கட்டணத்துக்கு மேல் 18 சதம் ஜிஎஸ்டி. 500 ரூபாய்க்கு விற்றால் 11 ரூபாய் 80 காசு போக 488 ரூபாய் 20 காசு வரும். இதைக் கணக்குப் போட்டுத்தான் விலை வைக்கோணும்.

"தலைவி அக்கா நம்பருக்கே ஜிபே பண்ணச் சொன்னால் கமிஷன் மிச்சம்தானே?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனால் 12 பேர் உழைச்ச பணம் ஒருத்தர் கணக்கில் விழுந்தால், அவர் வீட்டுக் கடன் தவணை அதிலிருந்தே பிடித்தமாகலாம். மற்றவர்களுக்குக் கணக்குக் கேட்கச் சங்கடம். கேட்டால் அக்காவுக்கு வருத்தம். பணத்தால் குழு உடையறதைவிட, சந்தேகத்தால் உடையறதுதான் சீக்கிரம் நடக்கும். கேட்வேயில் ஒவ்வொரு ரூபாயும் தேதியோடு பதிவாகும். மாதக் கூட்டத்தில் அதை அப்படியே வாசிச்சிடலாம்.

சேரும்போது கவனிக்க வேண்டியது:

ரிசர்வ் வங்கி அனுமதி உள்ள நிறுவனமா என்று பாருங்க. விண்ணப்பிக்கிற பேரிலேயே பான் அட்டையும் வங்கிக் கணக்கும் இருக்கோணும். கடைப் பக்கத்தில் முகவரி, தொலைபேசி எண், பொருளின் விலை, பணம் திருப்பித் தரும் விதிமுறை எல்லாம் எழுதியிருக்கோணும். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேணும். வெப்சைட் இல்லாதவர்கள் பேமென்ட் லிங்க் மட்டும் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பலாம்.

ஓடிபி வரும் சிம் குழுவுடையதாக இருக்கட்டும். வெப்சைட் செய்து தரும் தம்பி எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும், கேட்வே கணக்கு அவர் போன் நம்பரில் வேண்டாமுங்க. முதலில் டெஸ்ட் முறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் திறங்க.

பணம் கட்டியாச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாங்க. அதை நம்பிப் பார்சல் கட்டாதீங்க. கேட்வேயில் பணம் வந்ததாகக் காட்டின பிறகுதான் அனுப்போணும். கூரியர் ரசீதைப் பத்திரமா வைங்க. பொருள் வரலைன்னு வாங்கினவர் வங்கியில் புகார் கொடுத்தால் அதுதான் நமக்குச் சாட்சி. இன்னொன்று, பணம் வாங்குறதுக்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. "பின் போட்டால் பணம் வரும்" என்று யார் சொன்னாலும் ஏமாற்று. ஏமாந்துட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் போன் போடுங்க.

கடைசியாக ஒரு கோரிக்கை. குழுவுக்கு ஒரு கடை என்று ஆளுக்கொரு பக்கம் அலையறதைவிட, நம்ம கூட்டமைப்பு பேரில் ஒரே கடை, ஒரே கேட்வே வைக்கலாம். எந்தக் குழுவின் பொருள் எவ்வளவு விற்றதோ, அந்தப் பணம் மாதாமாதம் அந்தந்தக் குழுக் கணக்குக்குப் போகட்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மான நோட்டில் எழுதணும்னு எல்லோர் சார்பாகவும் கேட்டுக்கிறேன்.