வாழ்க்கை வரலாறும் வரலாற்றுக் கல்வியும்: அமெரிக்காவிலிருந்து சில எடுத்துக்காட்டுகள்

(வரலாற்று மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க வரலாற்றை நம் மாணவர்கள் பெரும்பாலும் மனிதர்களின் வாயிலாகவே அறிகின்றனர். வாஷிங்டன், பிராங்க்ளின், லிங்கன் ஆகியோரின் பெயர்களை அறிந்த அளவுக்கு அந்நாட்டின் பருத்திப் பொருளாதாரத்தையோ அரசியலமைப்புத் திருத்தங்களையோ அவர்கள் அறிவதில்லை. இதைக் குறையென்று கூறுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு மனிதரின் வாழ்வைப் பற்றிக்கொண்டு அவர் காலத்துக்குள் நுழைவது இயல்பான வழியே. ஆனால் அவ்வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார் என்ற வினாக்களை எழுப்பாமல் நுழைந்தால், நாம் சென்று சேருமிடம் வரலாறாக இராது, புராணமாகவே இருக்கும்.

செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவன் வாஷிங்டனின் கதையை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அக்கதையை எழுதியவர் மேசன் வீம்ஸ் என்னும் பாதிரியார். ஊர் ஊராகச் சென்று நூல் விற்றவரும் அவரே. வாஷிங்டன் 1799 டிசம்பரில் மறைந்தார். மறு ஆண்டே வீம்ஸின் நூல் வெளிவந்துவிட்டது. செர்ரி மரமோ அந்நூலின் முதற்பதிப்பில் இல்லை. 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முளைத்தது! அதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை. எனினும் இக்கதையை வகுப்பிலிருந்து விலக்க வேண்டியதில்லை. சிறுவன் வாஷிங்டனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. புதிதாகப் பிறந்த ஒரு குடியரசு தன் பிள்ளைகளுக்கு எத்தகைய முன்னோரை விரும்பியது என்பதை நன்றாகவே சொல்லும்.

அதே வாஷிங்டனின் வாழ்வில் ஆவணங்களால் உறுதிப்பட்ட வேறொரு நிகழ்ச்சி உண்டு. அலுவலர்களாகிய நீங்கள் அதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். 1796 மே மாதம், அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, பிலடெல்பியாவிலிருந்த அவர் இல்லத்திலிருந்து ஓனா ஜட்ஜ் என்னும் இளம் அடிமைப்பெண் தப்பிச் சென்றாள். தலைவரின் மனைவியார் தம் பேத்திக்கு அவளைக் கொடுக்க எண்ணியிருந்ததை அவள் அறிந்திருந்தாள். பிடித்துத் தருவோருக்குப் பத்து டாலர் பரிசென்று நாளேட்டில் விளம்பரம் வந்தது. அவள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இருப்பது தெரிந்ததும், வாஷிங்டன் நிதித்துறைச் செயலருக்கு எழுதினார். செயலர் அத்துறைமுகத்தின் சுங்க அதிகாரி ஜோசப் விப்பிளுக்கு எழுதினார். ஒரு தனிமனிதரின் உடைமையை மீட்கும் பணி அரசு அலுவலரின் மேசைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

விப்பிள் அப்பெண்ணை அழைத்து நேரில் பேசினார். அவளை ஏமாற்றி அழைத்துச் சென்றவர் எவருமில்லை, விடுதலை வேட்கையே அவளை ஓடச் செய்தது என்று அறிந்துகொண்டார். பிற்காலத்தில் விடுதலை தரப்படும் என்று உறுதியளித்தால் அவள் திரும்பக்கூடும் எனத் தெரிவித்தார். அவளை மீட்பதாயின் அரசு வழக்கறிஞர் வாயிலாகச் சட்டமுறைப்படி செய்வதே தகும் என்றும் எழுதினார். தப்பியோடிய அடிமைகளை மீட்பதற்கான சட்டத்தில் 1793இல் கையெழுத்திட்டவரே வாஷிங்டன்தான் என்பதை இங்கே நினைவிற்கொள்க. வாஷிங்டன் பேரத்துக்கு இசையவில்லை. உண்மையாக உழைக்கும் மற்ற அடிமைகளை விட்டுவிட்டு, ஓடிப்போனவளுக்கு முதலில் சலுகை தருவது முறையன்று என்பது அவர் வாதம். ஓனா ஜட்ஜ் திரும்பவேயில்லை. வறுமையில் வாழ்ந்து, கணவனையும் மூன்று பிள்ளைகளையும் இழந்து, 1848இல் மறைந்தார். 1840களில் செய்தியாளர்களிடம் பேசியபோதும், தப்பி வந்ததற்காக வருந்தவில்லை என்றே கூறினார். அதே வாஷிங்டன் 1799இல் எழுதிய உயிலில் தமக்கு உரிமையான அடிமைகளுக்கு விடுதலை அளித்திருந்தார். மவுண்ட் வெர்னன் பண்ணையில் அப்போதிருந்த 317 பேரில் அவ்வாறு உரிமையானவர் 123 பேரே. விளம்பரம், விப்பிளின் கடிதம், முதிய பெண்ணின் பேட்டி, உயில் ஆகிய நான்கையும் மாணவர்முன் வைத்துவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசாதிருப்பது நலம்.

தன்வரலாறு எழுதியவர்களிடம் சிக்கல் வேறுவகையானது. பிராங்க்ளினின் புகழ்பெற்ற தன்வரலாறு 1757ஆம் ஆண்டை ஒட்டி நின்றுவிடுகிறது. அமெரிக்கப் புரட்சியைத் தேடி அதைத் திறப்பவர் ஏமாறுவர். பிரெடரிக் டக்ளஸோ தம் வாழ்வை மூன்று முறை எழுதினார். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பிய அவர், 1845இல் வெளியிட்ட முதல் நூலில் தம் எசமானர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். தப்பிய வழியை மட்டும் மறைத்தார். வழி தெரிந்தால் அடிமைக்காரர்கள் அதை அடைத்துவிடுவார்கள், உதவியவர்களும் துன்புறுவார்கள் என்பதே காரணம். 1855இல் வெளிவந்த இரண்டாம் நூலில் வடமாநிலத்து அடிமை எதிர்ப்பாளர்கள் மீதும் குறை சொன்னார்: உண்மைகளை மட்டும் நீ சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற போக்கில் அவர்கள் தம்மை நடத்தினராம். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின், 1881இல் வந்த மூன்றாம் நூலில்தான் கடலோடி ஒருவரின் சான்றிதழைக் கடன் வாங்கிப் பால்டிமோரில் இரயிலேறிய செய்தி வெளிப்படுகிறது. மௌனமும் ஒரு சான்று என்பதை மாணவர் இதைவிடத் தெளிவாக எங்கும் கற்க முடியாது.

அவர் பிறந்த நாள் அவருக்கே தெரியாது. 1817ஆம் ஆண்டாக இருக்கலாம் என்று எண்ணியிருந்தார். 1818 பிப்ரவரி என்று இன்று நாம் சொல்வதற்கு ஆதாரம், அவருடைய முதல் எசமானரின் கணக்கேடு. மனிதனை உடைமையாக எழுதிய ஏடே அவனுக்குப் பிறந்த மாதத்தைத் தருகிறது.

பெரியவர் ஒருவரையே பார்த்துச் சுற்றியிருந்தோரை மறப்பது வாழ்க்கை வரலாற்றின் மற்றொரு தீங்கு. களைத்துப்போன தையற்காரப் பெண் ஒருத்தி 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் எழ மறுத்தாள் என்று ரோசா பார்க்ஸைப் பற்றிச் சொல்லித் தருகிறோம். அவர் பல்லாண்டுகள் உரிமைச் சங்கமொன்றின் மாண்ட்கோமரிக் கிளைச் செயலாளராகப் பணியாற்றியவர். அதே ஆண்டு மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்னும் 15 வயது மாணவி அதே நகரில் அவ்வாறே மறுத்துக் கைதானாள். பேருந்துப் பாகுபாட்டை 1956இல் வீழ்த்திய வழக்கில் வாதிகளுள் ஒருத்தியும் அவளே. 381 நாள் பேருந்துப் புறக்கணிப்புக்கான துண்டறிக்கைகளை இரவோடிரவாகப் படியெடுத்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை. இவர்களைச் சேர்த்துச் சொல்வதால் பார்க்ஸின் பெருமை குறையாது. தனியொருவரின் களைப்பால் சட்டங்கள் மாறுகின்றன என்ற தவறான பாடம் மட்டும் தவிர்க்கப்படும்.

நிருவாகத்தில் சேரப்போகும் இளைஞர்களுக்கு, பெரிதும் பேசப்படாத ஒருவரைப் பரிந்துரைக்கிறேன். சிகாகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் 1889இல் நிறுவிய ஹல் இல்லத்தில் வாழ்ந்த ஃபுளோரன்ஸ் கெல்லி, 1893இல் இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். குழந்தை உழைப்பைத் தடுத்து, பெண்களின் வேலை நேரத்தை எட்டு மணியாக வரையறுத்த சட்டத்தைச் செயற்படுத்துவது அவர் பணி. குற்றம் இழைத்தோர்மீது வழக்குத் தொடர அரசு வழக்கறிஞர் ஆர்வம் காட்டாததால், தாமே சட்டம் பயின்று பட்டம் பெற்றார். 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் எட்டு மணி நேர விதியைச் செல்லாதென்றது. 1897இல் புதிய ஆளுநர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். பதவிக்காலத்தில் அவர் எழுதிய ஆண்டறிக்கைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவரைப் பற்றிய நூல்களைப் படிக்குமுன் அந்த அறிக்கைகளில் ஒன்றைப் படியுங்கள்.