முதல் இடிக்கே வீடு திரும்புங்கள்



சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழை நமக்கு வேண்டிய மழைதான். உழவுக்கும் ஆகும், காப்பிக்கும் ஆகும். ஆனால் இடியும் கூடவே வருகிறது. நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். பெரும்பாலோர் நம்மைப் போல் கிராமத்தில் இருப்பவர்கள்.

"மழை வரட்டும், அப்புறம் போகலாம்" என்று நிற்பதுதான் ஆபத்து. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். மின்னலைப் பார்த்ததும் நிதானமாக எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்தாச்சு. மலை மறைத்து மின்னல் தெரியாவிட்டால் இடிச் சத்தமே போதும், கிளம்பிவிடுங்கள்.

மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்தால் உடனே இறங்குங்கள். பலா மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மாட்டையும் அங்கே கட்டாதீர்கள். மரத்தில் விழும் மின்சாரம் தரை வழியாகப் பரவும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். அதனால் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். களத்தில் காயும் மிளகை வானம் கறுக்கும்போதே அள்ளி வையுங்கள். இடி தொடங்கிய பிறகு ஓடாதீர்கள். நனைந்த மிளகை மறுபடி காயவைக்கலாம். போன உயிர் வருமா?

காட்டுக் கொட்டகையும் திண்ணையும் பாதுகாப்பல்ல. காங்கிரீட் வீடு, பள்ளிக்கூடம், கதவடைத்த பஸ் நல்லது. வீட்டுக்கு மேல் சாய்ந்த கிளைகளை மழைக் காலத்துக்கு முன்பே வெட்டுங்கள். இடி நெருங்குமுன் டி.வி., மோட்டார் பிளக்கைக் கழற்றுங்கள். குழாயடியில் நிற்க வேண்டாம். சன்னலை விட்டுத் தள்ளி உட்காருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். குழந்தைகள் 'அர்ச்சுனா' சொல்லட்டும். ஆனால் வீட்டுக்குள் இருந்து சொல்லட்டும்!

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. பயப்படாமல் தொடுங்கள். மூச்சு நின்றிருந்தால், நடு மார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மலைப்பாதையில் வண்டி வரத் தாமதமானாலும் அழுத்துவதை நிறுத்தாதீர்கள். செத்தவர் போலக் கிடப்பவரும் பிழைப்பதுண்டு.

இதையெல்லாம் இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.