கடலில் போன பணப்பெட்டி

காரைக்கால் பட்டினச்சேரி மீனவர் வலையையும் படகையும் சரிபார்த்துவிட்டுத்தான் கடலுக்குக் கிளம்புகிறார். மீன் படுவது மட்டும் அவர் கையில் இல்லை. இறைப்பணியும் அப்படித்தான்.

காரைக்காலுக்கு வடக்கே இருக்கிற தரங்கம்பாடியில், 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் இறைப்பணி செய்ய வந்து இறங்கினார். 1708-இல் ஐரோப்பாவிலிருந்து அவருடைய பணிக்குப் பணம் வந்தது. கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது, அந்தப் பணப்பெட்டி அப்படியே கடலில் போய்விட்டது. அதே ஆண்டு அங்கிருந்த டேனிஷ் தளபதி அவரைச் சிறையில் போட்டார். ஏறக்குறைய நான்கு மாதம். மனிதர் சோர்ந்து போகவில்லை. உள்ளே இருந்தபடியே நூல் எழுதினார்.

1709-இல் அடுத்த கப்பல் வந்தது. பணமும் வந்தது, துணைக்கு மூன்று பேரும் வந்தார்கள். பிறகு அச்சுப்பொறி வந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பொறையாறில் காகித ஆலையே அமைத்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

கடவுள் கொடுப்பார் என்று நம்புகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. கொடுத்த வேலையை இன்றைக்குச் செய்கிறார். நாளைய தேவையைக் கடவுளிடம் விட்டுவிடுகிறார். நல்ல காரியத்தைத் தொடங்கிவிட்டு, பணத்துக்கு என்ன வழி என்று கலங்குகிறவர்களே, தைரியமாகத் தொடருங்கள்!