கோழிப் பரிசோதனையும் இரண்டு அரசாங்கங்களும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் போதிக்கும் உபாத்தியாயனுக்குக் கோழியைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று சிலர் நகைக்கலாம். நம்மவரில் கோழி வளர்ப்போரும் கடை நடத்துவோரும் பலர். உண்போர் அவரினும் பலர். ஆகலின் இது நம் எல்லோரையும் பற்றிய விஷயமே.

நம் நாஞ்சில் நாடு 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அன்று முதல் களியக்காவிளைப் பக்கம் இரு ராஜ்யங்களின் எல்லையாயிற்று. எல்லைக்கோடு மனிதனுக்கே உரியது. பறவைக்கும் அதன் நோய்க்கும் இல்லை. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் ஜில்லாக்களில் வாத்துக்களுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டது. நோயை உறுதி செய்தது போபாலிலுள்ள மத்திய ஆய்வுக்கூடம்; பறவைகளை அழித்து நோயை அடக்கியவர் கேரள அதிகாரிகள்; எல்லையிலே வண்டிகளை நிறுத்திச் சோதித்தவர் தமிழகக் கால்நடைத் துறையினர். ஒருவர் கை ஓய்ந்திருப்பின் மற்றையோர் உழைப்பும் வீணாகியிருக்கும்.

நம் அரசியல் சட்டமும் இவ்வாறே பொறுப்பைப் பகிர்ந்தளிக்கின்றது. கால்நடை நோய்த் தடுப்பு ராஜ்யப் பட்டியலில் உளது. நோய் ராஜ்யம் விட்டு ராஜ்யம் பரவாமற் காப்பதும், உணவுக் கலப்படத் தடுப்பும் பொதுப் பட்டியலில் உள. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதிகளை வகுப்பது மத்திய ஆணையம். பெரும்பாலும் அவற்றைக் கடைதோறும் நடத்துவிப்பவர் ராஜ்ய அதிகாரிகள். 2011-ஆம் ஆண்டு விதிகள், நாளொன்றுக்கு 50 கோழிகள் வரை அறுக்கும் சிறு கடைக்குப் பதிவு போதுமென்றும், 1,000-க்கு மேற்பட்டால் மத்திய உரிமம் வேண்டுமென்றும், இடைப்பட்டவற்றிற்கு ராஜ்ய உரிமம் வேண்டுமென்றும் வகுத்தன.

அமெரிக்க தேசத்திலும் 1957-இல் மத்திய அரசாங்கம் கோழி இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் செய்தது. 1968-இல், ராஜ்யங்கள் தாமே பரிசோதனை நடத்தலாம், ஆனால் அது மத்தியப் பரிசோதனைக்குச் சற்றும் குறைதலாகாது என்று விதித்து, செலவிற் பாதிவரை கொடுக்கவும் இசைந்தது.

இனி, என் குற்றம் ஒன்றைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கோழிகள் ஏழு, இரண்டே நாளில் மடிந்தன. அயலார் பழிப்பரே என்றஞ்சி, இரவோடிரவாகத் தென்னந்தோப்பிற் புதைத்துவிட்டேன். வெள்ளைக்கழிச்சலோ வேறொன்றோ, இன்றும் அறியேன். இரண்டு அரசாங்கங்களும் கூடிக் கட்டிய வேலியில் ஓட்டையிட்டவன் நானே!

2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொற்றுநோய் ஐயமுண்டானால் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ உடையவன் அறிவித்தல் கடமை. பறவைக் காய்ச்சலைத் தடுக்க அரசாங்கம் அழிக்கும் கோழிகளுக்கு நஷ்டஈடு உண்டு. மத்திய அரசும் ராஜ்ய அரசும் அதனைச் சரிபாதியாக ஏற்கும் திட்டம் ஏற்பட்டுள்ளது. தாமே மடிந்தவற்றிற்கு அது கிடையாது. ஆகவே மறைப்பவனுக்குப் பழியோடு நஷ்டமும் சேரும்.

நெருப்பின்முன் வைத்த வைக்கோற்போரை வள்ளுவனார் நமக்குக் காட்டியுள்ளார். முதற் கோழி சாய்ந்த அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நம் சங்க விருந்துகளுக்கும் பதிவுள்ள கடையிலேயே இறைச்சி வாங்குவோம். அரசாங்கங்கள் இரண்டாயினும் அவற்றின் கண் நாமே என்று கூறி அமைகின்றேன்.